அனலைதீவுப் புகையிலையும் தெற்கின் சுருட்டுக் கடைகளும்: வாடிக்கையாளரைத் தேடிப் போனவர்களின் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். சிறு தொழில் செய்யும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஒரு சின்னத் தீவில் விளைகிற பொருளை அந்தத் தீவுக்குள்ளேயே விற்று முடிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரனும் அதையேதான் விளைவித்திருப்பான். தீவகத்து வியாபாரத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு நெருக்கடியிலிருந்துதான் வருகிறது. நம்மில் பலர் அதை "யாழ்ப்பாணத்தான் கெட்டிக்காரன், போன இடமெல்லாம் கடை போட்டான்" என்று ஒரு வரியில் பேசி முடித்துவிடுகிறோம். கெட்டித்தனம் மட்டும் காரணமில்லை. இருந்த ஒரே வாடிக்கையாளர் கைவிட்டபோது, வேறு வழியில்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு புது வாடிக்கையாளரைத் தேடிப் புறப்பட்டவர்களின் கதை இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர். புகையிலையின் புகழ் பாட இதை எழுதவில்லை. அது உடம்புக்குச் செய்யும் கேட்டை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பயிரை நம்பி வாழ்ந்தவர்கள் சந்தையைத் தேடிய விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பயிரே கேள்விக்குறியாக நிற்கும்போது அந்தப் பாடம் இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது.

*1. ரொட்டர்டாம் என்று பெயர் வைக்கப்பட்ட தீவு*

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து படகேறினால் அனலைதீவு. ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றர்தான். ஒரு பக்கம் எழுவைதீவு, மறு பக்கம் நயினாதீவு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்வ்ட் ஆனது, வேலணைத் தீவு லெய்டன் ஆனது, காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது. நம் அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த பெயர் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவை வரைபடத்தோடு போய்விட்டன.

இந்தச் சிறு நிலத்தில் ஆறு இல்லை, பெரிய குளம் இல்லை. கிணறுதான். துலா மிதித்து, பட்டையால் அள்ளி, வாய்க்கால் கட்டி இறைத்த தண்ணீரில்தான் தோட்டம். ஆட்டையும் மாட்டையும் பட்டியில் அடைத்து எருவூட்டி, பூவரசங் குழை தாழ்த்திப் பண்படுத்திய தரையில் புகையிலைக் கன்று நட்டார்கள். நட்ட பிறகும் ஓய்வில்லை. தண்ணீர் இறைக்க வேண்டும், புழுப் பிடிக்க வேண்டும், பக்கக் கிளை முறிக்க வேண்டும். வெட்டிய இலையை உணத்தி, குடிலில் புகையூட்டி, பாடம் போட்டு, சிப்பம் கட்டி முடிப்பதற்குள் குடும்பமே களைத்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு வரும் சிப்பத்தை யாருக்கு விற்பது? ஊருக்குள் எல்லோர் வீட்டிலும் சிப்பம்தானே!

*2. ஒரே வாடிக்கையாளர்*

நீண்ட காலத்துக்கு அதற்கு விடை மலையாளம்தான்.

ஒல்லாந்தர் காலத்திலும், அதன் பின் ஆங்கிலேயர் காலத்திலும், யாழ்ப்பாணப் புகையிலையின் பெரிய சந்தை திருவிதாங்கூர். வெற்றிலையோடு போட்டு மெல்லுவதற்கு, புகையூட்டிக் கறுத்த, காரமான இலையை அங்குள்ளவர்கள் விரும்பினார்கள். ஊர்காவற்றுறையிலிருந்தும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கங்களிலிருந்தும் பாய்க்கப்பல்கள் சிப்பங்களை ஏற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போயின. இன்றும் மலையாளத்தில் 'ஜாப்பாணம் புகையில' என்ற சொல் இருக்கிறது. ஜாப்பாணம் என்றால் ஜப்பான் இல்லை, நம் யாழ்ப்பாணம்தான்! ஒரு ஊரின் பெயர் கடல் கடந்து ஒரு பொருளின் பெயராக நிற்கிறது என்றால், அந்த வியாபாரம் எவ்வளவு காலம், எவ்வளவு ஆழமாக நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இந்த வியாபாரத்துக்குள் ஒரு பலவீனம் ஒளிந்திருந்தது. திருவிதாங்கூரில் புகையிலை அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. அரசு வாங்கும், அரசு விற்கும், அதில் கிடைக்கும் லாபம் அரசின் முக்கிய வருமானங்களுள் ஒன்று. அதாவது நம் தோட்டக்காரனுக்கு உண்மையில் இருந்தது ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். விலை, அளவு, தரம் எல்லாம் அந்த வாடிக்கையாளர் சொன்னபடிதான். 1863இல் திவான் மாதவராவ் அந்தத் தனியுரிமையை நீக்கினார். அதற்குப் பதிலாக இறக்குமதி வரி வந்தது. இனி யாரும் வாங்கலாம் என்ற நிலை வந்தபோது, யாரும் விற்கலாம் என்ற நிலையும் கூடவே வந்தது. கோயம்புத்தூர், திருநெல்வேலிப் புகையிலை தரைவழியாகவே அங்கே போய்ச் சேரும். நமது இலை கடலும் கடக்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து நடக்க நடக்க மலையாளச் சந்தை ஒடுங்கிக்கொண்டே வந்தது. 1930களில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் மலையாளப் புகையிலைக்கென்று ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தையே அமைக்க வேண்டி வந்தது. தனித்தனியாக விற்று நட்டப்படுவதைவிடச் சேர்ந்து விற்றுப் பார்ப்போம் என்ற முயற்சி அது. வடக்கில் கூட்டுறவு இயக்கம் வேரூன்றிய காலமும் அதுதான். யாழ்ப்பாண நகரில் இருக்கும் வீரசிங்கம் மண்டபம் அந்த இயக்கத்தை வளர்த்த வீ. வீரசிங்கம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

சங்கம் செய்தது நல்ல வேலை. ஆனால் சங்கம் பழைய வாடிக்கையாளரைத் தக்கவைக்கத்தான் பார்த்தது. புது வாடிக்கையாளரைத் தேடும் வேலையை வேறு சிலர், சங்கமும் இல்லாமல் சட்டமும் இல்லாமல், அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தார்கள்.

*3. மெல்லும் இலை, புகைக்கும் சுருட்டானது*

மலையாளத்துக்காரன் மெல்லுவான். தெற்கிலுள்ள சிங்கள விவசாயியும் வெற்றிலை போடுவான், 'யாப்பனே தும்கொள' அவனுக்கும் தெரிந்த பொருள்தான். ஆனால் வேலை முடிந்து, சோறு தின்றுவிட்டுக் குந்தியிருக்கும் நேரத்தில் அவனுக்குப் பற்றவைக்க ஒன்று வேண்டும். அந்த இடத்தைப் பிடித்தது சுருட்டு.

ஆங்கிலத்தில் 'ஷெரூட்' என்று சொல்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்தான். சிங்களத்திலும் அதே சொல், 'சுருட்டு'. பொருளோடு சொல்லும் போயிருக்கிறது.

சந்தை மாறியபோது பொருளும் மாறியது என்பதைக் கவனியுங்கள். மெல்லும் புகையிலைக்கு வேண்டிய இலை வேறு, சுருட்டுக்கு வேண்டிய இலை வேறு. சுருட்டுக்குள் வைக்கிற இலை ஒன்று, மேலே சுற்றுகிற இலை இன்னொன்று. சுற்றும் இலை கிழியாமல், மெல்லியதாக, நிறம் ஒத்து இருக்க வேண்டும். இனிப்புச் சேர்ந்த பாணியில் தோய்த்து, தெற்கின் வாய்க்குப் பிடித்த பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். "எங்கள் இலை இப்படித்தான், விரும்பினால் வாங்கு" என்று யாரும் முறைத்துக்கொண்டு நிற்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுருட்டுக் கொட்டில்கள் பெருகின. வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுவார்கள். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே கைவேலை பார்ப்பார்கள். கியூபாவின் ஹவானாவிலும் 1865 முதல் இதே பழக்கம் இருந்தது. அங்கே அதற்கென்றே ஒரு வாசகரை அமர்த்தியிருந்தார்கள். இரண்டு தீவுகள், ஒன்றை ஒன்று கண்டதில்லை, ஆனால் ஒரே தொழில் ஒரே பழக்கத்தைப் பெற்றெடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத தொழிலாளிக்கும் நாட்டு நடப்புத் தெரிந்திருந்தது இந்தக் கொட்டில்களால்தான். தெற்கில் எங்கே தேங்காய் விலை ஏறியது, எங்கே வெள்ளம், எந்த ஊரில் மக்கள் கையில் காசு என்பதெல்லாம் சுருட்டுச் சுற்றுகிறவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

*4. சந்திக்குச் சந்தி ஒரு கடை*

இனிப் பயணத்துக்கு வருவோம். 1894இல் கொழும்பிலிருந்து காலிக்கும், அடுத்த ஆண்டு மாத்தறைக்கும் ரயில் போனது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் ரயில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் வன்னிக் காட்டு வழியாகவோ கடல் வழியாகவோ நாள்கணக்கில் போன சுமை, இப்போது ஒரே நாளில் தெற்கே போய் இறங்கியது.

ரயில் எல்லோருக்கும்தான் வந்தது. ஆனால் ரயில் நிற்கும் இடத்தில் இறங்கி, "இந்தச் சந்தியில் ஒரு கடை போடலாமா?" என்று பார்த்தவன்தான் அதைச் சந்தையாக்கினான். காரைநகர், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு என்று தீவகத்தாரும், வலிகாமத்து, வடமராட்சி ஊர்க்காரரும் தெற்கிலும் மலைநாட்டிலும் பரவினார்கள். "காகம் பறக்காத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை" என்ற பழமொழி சும்மா வந்ததில்லை. புங்குடுதீவாரின் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் கொழும்பில் தனிப் பெயர் எடுத்தன. சிறு பட்டினங்களில் 'சுருட்டுக் கடை' என்றாலே யாழ்ப்பாணத்தாரின் கடை என்றுதான் அர்த்தம்.

இவர்களில் பெரும்பாலானவர்கள் பெரிய முதலோடு போனவர்கள் இல்லை. முறை இதுதான். ஊரில் பத்துப் பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திய பெடியனைச் சொந்தக்காரர் ஒருவர் தன் கடைக்குக் கூட்டிப் போவார். கூட்டுவது, தண்ணீர் அள்ளுவது, சாமான் நிறுப்பது, பிறகு கல்லாவில் இருப்பது என்று படிப்படியாகப் பழகுவான். அதற்குள் சிங்களம் வாயில் ஏறிவிடும். சில ஆண்டுகள் கழித்து முதலாளியின் கைகொடுப்போடு, அடுத்த சந்தியிலோ அடுத்த ஊரிலோ தன் சொந்தக் கடையைத் திறப்பான். பழைய முதலாளிக்குப் பக்கத்திலேயே போட மாட்டான். அதனால் ஒவ்வொரு புதுக் கடையும் ஒரு புது ஊரை, புது வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இதை யாரும் திட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் வலைப்பின்னல் அப்படித்தான் விரிந்தது.

குடும்பம் தீவில், உழைப்பு தெற்கில். மாதம் முடிய மணியோடர் வரும். தபாற்காரனை எதிர்பார்த்து வாழ்ந்த அந்தப் பொருளாதாரத்துக்கே 'மணியோடர் பொருளாதாரம்' என்று பெயர் வந்தது. தீவில் கிணறு வெட்டியது, கல்வீடு கட்டியது, கோயில் திருப்பணி செய்தது, பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு சிங்களக் கிராமத்துச் சந்தியில் சில்லறையாகச் சுருட்டு வாங்கிய யாரோ ஒருவரின் சதக்காசு இருந்தது. வருடத்தில் ஒரு தரம் ஊர் வரும் தகப்பனைப் பிள்ளைகள் விருந்தாளியைப் போல ஒளிந்து நின்று பார்த்ததும் இந்தக் கணக்கில் சேர வேண்டிய செலவுதான்.

*5. வாடிக்கையாளரைப் பிடித்த விதம்*

இந்தக் கடைக்காரர்களுக்கு விளம்பரம் தெரியாது. செய்ததெல்லாம் அன்றாடச் சின்னச் சின்னக் காரியங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

கடை போட்ட இடத்தைப் பாருங்கள். ரயில் நிலையம், பஸ் நிற்குமிடம், தோட்டத்து வாசல், நாலு வழி சேரும் சந்தி. ஆட்கள் எப்படியும் வந்து நிற்க வேண்டிய இடம். "என் கடைக்கு வா" என்று அழைக்கத் தேவையில்லை, வருகிற இடத்தில் கடை இருந்தது.

விற்ற அளவைப் பாருங்கள். கட்டாக வாங்க வசதியில்லாதவனுக்கு ஒற்றைச் சுருட்டு. பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லாதவனுக்குக் கடை வாசலில் கனன்றுகொண்டிருக்கும் கயிறு. வாங்க வந்தவன் அங்கேயே பற்றவைத்து, நின்று நாலு கதை பேசுவான். நாலு பேர் நிற்கும் கடையைப் பார்த்து ஐந்தாவது ஆள் வருவான்.

பொருள் சேர்ந்த விதத்தைப் பாருங்கள். சுருட்டு வாங்க வந்தவன் வெற்றிலை பாக்குக் கேட்டான், வெற்றிலை வந்தது. பிறகு மண்ணெண்ணெய், கருவாடு, சீனி, தேயிலை. சுருட்டுக் கடையாகத் தொடங்கியது ஐந்தாறு ஆண்டில் பலசரக்குக் கடையாகிவிடும். வாடிக்கையாளர் "இது இருக்கா?" என்று கேட்டதைத்தான் அடுத்த மூட்டையில் எடுத்து வந்தார்கள்.

கடன் கொடுத்த விதம் இன்னும் முக்கியம். நெல் வெட்டும்வரை, சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதிச் சாமான் கொடுத்தார்கள். வங்கி எட்டிப் பார்க்காத கிராமத்தில் அந்தக் கடன் கொப்பிதான் வங்கி. கடன் கொடுக்க ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். யார் வீட்டில் நோய், யாருக்கு எப்போது அறுவடை, யார் சொன்ன சொல் தவறமாட்டான் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இதில் வட்டியாகவும் கூடுதல் விலையாகவும் சுரண்டியவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் கடைக்காரர் மேல் வந்த கோபத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கொப்பியில் நியாயமாக எழுதியவரின் கடைதான் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. வாடிக்கையாளரின் மொழியில் பேசினார்கள். சிங்களத்தில் கடைக்கு 'கடே', பெரிய வியாபாரிக்கு 'முதலாளி'. இரண்டும் தமிழிலிருந்து போனவை. அவர்கள் நம் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், நம் ஆட்கள் அவர்களின் மொழியையே படித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம் முஸ்லிம்களின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். கண்டி இராச்சியக் காலத்திலேயே சோனகர் மாடுகளின் முதுகில் பொதி ஏற்றி, 'தவளம்' என்ற கூட்டமாக உப்பும் கருவாடும் துணியும் கொண்டு மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போய், பாக்கு ஏற்றித் திரும்பினார்கள். பிற்காலத்தில் தோளில் துணி மூட்டையோடு வீடு வீடாகப் போன பொட்டணி வியாபாரமும் அதே மரபுதான். தீவகத்துச் சுருட்டுக் கடைக்காரரும் சோனகப் பொட்டணிக்காரரும் ஒரே சிங்களக் கிராமத்து ஒழுங்கையில் ஒருவரை ஒருவர் கடந்து போயிருப்பார்கள். ஒருவர் சந்தியில் காத்திருந்தார், மற்றவர் படலை வரை நடந்தார். இருவரும் வாடிக்கையாளரைத் தேடிப் போனவர்களே.

*6. எரிந்த கடைகள்*

தேடிப் போய்ச் சேர்த்த வாடிக்கையாளரை இழப்பதற்கு ஓர் இரவு போதும் என்பதையும் இந்த வரலாறுதான் காட்டுகிறது.

1915இல் முஸ்லிம் கடைகள் தாக்கப்பட்டன. 1958, 1977, 1983 என்று தமிழ்க் கடைகள் எரிந்தன. 83 ஜூலைக்குப் பிறகு பல ஊர்ச் சந்திகளில் யாழ்ப்பாணத்தாரின் கடை என்று ஒன்று இல்லாமலே போனது. கடையோடு கடன் கொப்பியும் எரிந்தது. கடைக்காரரைத் தன் வீட்டு அறைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்கள வாடிக்கையாளர்களும் அதே ஊர்களில்தான் இருந்தார்கள். கொப்பியில் எழுதாத கணக்கை அவர்கள் அப்படித் தீர்த்தார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். தையல், இரும்புக் கடை, லொறி என்று தலைமுறைகளாகச் சேர்த்த வாடிக்கை அத்தனையும் ஒரே நாளில் போனது. எங்கள் சமூகம் புத்தளத்து அகதி முகாம்களில், முகமே தெரியாத ஊரில், மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. தையல்காரர் ஓலைக் கொட்டிலில் மெஷினை வைத்தார், வேறு சிலர் சைக்கிளில் சாமான் கட்டி ஊர் ஊராய்ப் போனார்கள். தீவகத்து மக்களும் அதே 1990இல் இராணுவ நடவடிக்கைகளால் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். வேலணை, புங்குடுதீவு போன்ற ஊர்களில் பூட்டிய வீடுகள் இன்றும் அதற்குச் சாட்சி.

எண்ணிப் பார்த்தால் இரண்டு சமூகங்களுக்கும் ஒரே அனுபவம்தான். கடையைப் பறிக்கலாம், சாமானைப் பறிக்கலாம். முன்பின் அறியாத ஊரில் போய் நின்று முதல் வாடிக்கையாளரோடு பேசத் தெரிந்த பழக்கத்தை யாராலும் பறிக்க முடியவில்லை. புத்தளத்திலும் கொழும்பிலும், லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மீண்டும் கடை திறந்தது அந்தப் பழக்கம்தான்.

*7. கைவிடும் பயிர், வாசலுக்கு வந்த வாடிக்கையாளர்*

இடையில் சந்தையும் பல தடவை புரண்டது. பீடியும் சிகரெட்டும் சுருட்டின் இடத்தைப் பிடித்தன. 1970களின் தொடக்கத்தில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டங்கள் அவற்றுக்கு மாறிச் செழித்தன. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தவுடன் அந்தச் செழிப்பும் வாடியது. அரசாங்கக் கொள்கை கொண்டுவந்த வாடிக்கையாளர் அரசாங்கக் கொள்கையோடு போய்விட்டார். திருவிதாங்கூர் கதைதான் மறுபடியும்.

இன்று அனலைதீவில் இன்னமும் புகையிலை நடுகிறார்கள். ஆனால் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடுத்துவிட்டது. 2020ஆம் ஆண்டுக்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்தப்போவதாக அரசு அறிவித்திருந்தது. அந்த ஆண்டு கடந்துவிட்டாலும் தோட்டக்காரரின் பயம் கடக்கவில்லை. "வேறு பயிர் செய்யுங்கள்" என்று சொல்வது எளிது. "அந்த வேறு பயிரை யார் வாங்குவார்?" என்பதற்குத்தான் பதில் வேண்டும். புகையிலை வெட்டினால் வியாபாரி வீடு தேடி வந்து எடுத்துப் போகிறான். கத்தரிக்காய்க்கு அப்படி யாரும் படகேறி வருவதில்லை.

இங்கேதான் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம் பாட்டன்மார் ரயிலேறிப் போய்த் தேடிய அதே தெற்கு வாடிக்கையாளர்கள் இப்போது பஸ் பஸ்ஸாகத் தாங்களாகவே வருகிறார்கள். 2009இல் ஏ9 வீதி மீண்டும் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. நயினாதீவின் நாகதீப விகாரைக்கும் நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசையில் நிற்கிறார்கள். பனங்கட்டி, ஒடியல், கருவாடு என்று விற்கும் சிறு கடைகள் அங்கே உண்டு. நயினாதீவுக்கு அடுத்த தீவு அனலைதீவு. இடையில் கொஞ்சக் கடல்தான்.

அந்த வரிசையில் நிற்பவர் சுவையான ஒன்றை வாங்கித் தன் ஊருக்குக் கொண்டுபோக விரும்புகிறார். அவரிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேச நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வரும்? பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழிப் பாடம் இருக்கிறது, பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்துவிடுகிறோம். ஆறாம் வகுப்பைத் தாண்டாத கடைப்பெடியன் ஒரு வருடத்தில் பேசிய மொழியை, பன்னிரண்டு வருடம் படித்தவன் பேசக் கூச்சப்படுகிறான்.

புகையிலையோடு வாடிக்கையாளரைத் தேடும் பழக்கத்தையும் சேர்த்துக் கைவிட்டுவிடக் கூடாது. அதுதான் நான் சொல்ல வந்தது. பயிர் போகட்டும். சந்தியில் போய் நிற்பது, ஒற்றையாக விற்றுப் பார்ப்பது, கேட்டதை அடுத்த தரம் கொண்டுவருவது, சொன்ன சொல் காப்பது, வாங்குகிறவர் மொழியில் பேசுவது போகக் கூடாது. வெங்காயத்தை அரைக் கிலோவாகக் கட்டி, சிங்களத்திலும் தமிழிலும் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டினால் அது 'அனலைதீவு வெங்காயம்'. மூட்டையாகப் போனால் அது வெறும் வெங்காயம். ஒரு ஊரின் பெயர் பொருளின் பெயராகலாம் என்பதற்கு ஜாப்பாணம் புகையில இன்னமும் சாட்சி சொல்கிறது. நண்டையும் கருவாட்டையும் இடைத்தரகர் எடுத்துக்கொண்டு போகட்டும், ஆனால் பத்தில் ஒரு பங்கையாவது நேரே வாங்குகிறவர் கையில் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்து, "எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். அவரது தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் கொப்பியில் எழுதுங்கள். அந்தக் காலத்துக் கடன் கொப்பி செய்த வேலையில் பாதியை அது செய்யும்.

ஒரே வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. திருவிதாங்கூர் ஒரு தரம் சொன்னது, 1977 இன்னொரு தரம் சொன்னது. இன்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர் மட்டுமே நம் பொருளை வாங்குகிறார் என்றால், அதுவும் ஒரு திருவிதாங்கூர்தான். அவர் அன்புக்காக வாங்குகிறார். அவர் பிள்ளை வாங்குமா?

*8. ஒரு வேண்டுகோள்*

இந்த வரலாற்றின் பெரும்பகுதி புத்தகத்தில் இல்லை. பழைய பெட்டிகளில் இருக்கிறது. கடைக் கணக்குக் கொப்பி, மணியோடர் துண்டு, சிங்களத்தில் எழுதிய கடிதம், சுருட்டுக் கட்டின் லேபல், கடை முன்னால் வேட்டியோடு நிற்கும் ஒரு படம், எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். கரையான் பிடிக்குமுன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பப்பாவோ அம்மப்பாவோ எந்த ஊரில், எந்தச் சந்தியில் கடை வைத்திருந்தார், முதன்முதலில் அந்த ஊருக்கு எப்படிப் போனார், அங்கே யார் அவருக்கு முதல் உதவி செய்தார் என்று கீழே கருத்தில் எழுதுங்கள். முஸ்லிம் உறவுகளும் எழுதுங்கள், பொட்டணிக்காரர்களின் கதையும் அழிந்துகொண்டுதான் போகிறது. தெற்கிலுள்ள சிங்கள நண்பர்கள் யாராவது இதை மொழிபெயர்த்து வாசித்தால், உங்கள் ஊர்ச் சுருட்டுக் கடை பற்றி உங்கள் பெரியவர்கள் சொன்னதையும் எழுதுங்கள். கொப்பியின் மற்றப் பக்கம் உங்களிடம்தான் இருக்கிறது.

வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு அவை வேண்டும்.